பூக்களால் ஆன பெண்: வேல்ஸ் தொன்மமும் சில மிகுபுனைவு நாவல்களும்

தொன்மங்களிலும் நாட்டார் கதைகளிலும் வேர்விட்ட மிகுபுனைவு நாவல்கள் மேல் எனக்குத் தீராத பிரியம். 'ஃபேண்டஸி' என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் இலக்கிய நண்பர்கள் உண்டு. டிராகன், மந்திரக்கோல், வாளேந்திய இளவரசன். எல்லாம் பிள்ளைகள் சமாச்சாரம் என்பது அவர்கள் கருத்து. அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் வாசித்து வளர்ந்தவர்களே இப்படிச் சொல்வதுதான் வேடிக்கை. இவ்வகையில் வெளிவருபவற்றுள் பெரும்பகுதி பழைய கதைகளின் பெயர்களையும் ஆடை அணிகலன்களையும் மட்டும் கடன் வாங்கியவை என்பது உண்மையே. ஆயினும் சில நாவல்கள், பழைய கதை பதில் சொல்லாமல் விட்டுப்போன ஒரு கேள்வியைக் கையிலெடுத்துக்கொள்கின்றன. அந்தக் கேள்விக்காகத்தான் நான் இவற்றை வாசிக்கிறேன்.

பொதுவாகப் பேசினால் இது நூற்பட்டியலாக முடிந்துவிடும். ஆகவே ஒரே ஒரு மூலநூலை எடுத்துக்கொள்கிறேன். வேல்ஸ் நாட்டின் மாபினோகியன். அதிலும் குறிப்பாக ஒரு கதை, அதிலிருந்து கிளைத்த சில நாவல்கள். பெயர்களை வேல்ஸ் உச்சரிப்புக்கு இயன்றவரை அருகில் எழுதியிருக்கிறேன். அம்மொழியின் சில ஒலிகளுக்குத் தமிழில் எழுத்தில்லை.

1. மூலநூல்

மாபினோகியன் என்பது நடுக்கால வேல்ஸ் மொழியில் உரைநடையாக எழுதப்பட்ட பதினொரு கதைகளின் தொகுதி. இரண்டு கையெழுத்துச் சுவடிகளில் இவை நமக்குக் கிடைக்கின்றன. ஒன்று 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த 'ரைதர்க்கின் வெள்ளை நூல்'. அது இன்று அபெரிஸ்ட்வித்திலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. மற்றது அந்நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதப்பட்ட 'ஹெர்கெஸ்டின் சிவப்பு நூல்'. ஒக்ஸ்போர்ட் ஜீஸஸ் கல்லூரிக்குச் சொந்தமானது. டோல்கினின் நாவல்களில் ஹொபிட்டுகள் எழுதிவைக்கும் 'வெஸ்ட்மார்ச்சின் சிவப்பு நூல்' என்ற பெயர் இதன் எதிரொலி. அவர் உருவாக்கிய சிந்தாரின் மொழியின் ஓசைகளும் வேல்ஸ் மொழியை முன்மாதிரியாகக் கொண்டவை.

இக்கதைகளை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்த்தவர் சார்லட் கெஸ்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. தெற்கு வேல்ஸில் டவ்லைஸ் என்ற இடத்திலிருந்த மாபெரும் இரும்பாலையின் உரிமையாளரை மணந்து அங்கு குடிவந்தவர். பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். வேல்ஸ் மொழியைக் கற்று, உள்ளூர் அறிஞர்களின் துணையோடு 1838 முதல் 1845 வரை இக்கதைகளைப் பகுதி பகுதியாக மொழிபெயர்த்து வெளியிட்டார். 'மாபினோகியன்' என்ற பெயர் தொகுதி முழுவதற்கும் நிலைத்தது அவரால்தான். சுவடியில் அச்சொல் ஒரேயொரு இடத்தில் வருகிறது. அதுவும் ஏடெழுதியவரின் கைப்பிழையாக இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. சரியான சொல்லான 'மாபினோகி' முதல் நான்கு கதைகளுக்கு மட்டும் உரியது. அவற்றை 'நான்கு கிளைகள்' என்பார்கள். நாம் பார்க்கப்போவது நான்காவது கிளையை.

2. கதை

வடக்கு வேல்ஸின் அரசன் மாத். அவனுடைய சகோதரியின் மகன் க்விடியன், பெரிய மந்திரவாதி. நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழியைப் பற்றி அறிந்தவர்களுக்கு இந்த உறவின் கனம் உடனே புரியும். க்விடியனின் தங்கை அரியன்ரோட் தன் மகன்மேல் மூன்று விதிகளைச் சுமத்துகிறாள். தான் வைத்தாலன்றி அவனுக்குப் பெயர் கூடாது. தான் அணிவித்தாலன்றி ஆயுதம் கூடாது. இம்மண்ணில் வாழும் எந்த இனத்திலிருந்தும் அவனுக்கு மனைவி வாய்க்கக் கூடாது. முதலிரண்டையும் க்விடியன் சூழ்ச்சியால் கடக்கிறான். பையனுக்கு லெய் என்று பெயரும் கிடைக்கிறது, ஆயுதமும் கிடைக்கிறது.

மூன்றாவதைக் கடக்க மாத்தும் க்விடியனும் சேர்ந்து ஓக் மரத்தின் பூக்களையும், மஞ்சள் நிறப் புரூம் செடியின் பூக்களையும், மெடோஸ்வீட் என்ற புல்வெளிப் பூக்களையும் எடுத்து ஒரு பெண்ணை உண்டாக்குகிறார்கள். பெயர் ப்ளொடைய்யெத். பொருள், பூக்கள். அன்றே அவளை லெய்க்கு மணமுடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

லெய் வெளியூர் சென்ற ஒருநாள், வேட்டைக்கு வந்த க்ரோனு என்பவனுக்கு அவள் விருந்தளிக்கிறாள். அன்றே இருவருக்கும் காதல். லெய்யைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். ஆனால் அவனைச் சாதாரணமாகக் கொல்ல முடியாது. வீட்டுக்கு உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. குதிரைமேலும் கூடாது, தரையில் நின்றாலும் கூடாது. கொல்லும் ஈட்டியை ஓர் ஆண்டு முழுவதும், ஞாயிறு பூசை நேரத்தில் மட்டும் செய்திருக்க வேண்டும். இரணியன் பெற்ற வரம் நமக்கு நினைவுக்கு வருகிறது. அங்கே வரத்தின் இடுக்கில் புகுந்து வருவது தெய்வம். இங்கே கணவனே மனைவிக்கு அந்த இடுக்கைச் சொல்லிக்கொடுத்து, ஆற்றங்கரையில் கூரையிட்ட குளியல் தொட்டியின் விளிம்பில் ஒரு காலும் ஆட்டுக்கடாவின் முதுகில் ஒரு காலுமாக நின்று காட்டவும் செய்கிறான். க்ரோனு ஈட்டியை எறிகிறான். லெய் கழுகாக மாறிப் பறந்துபோகிறான்.

க்விடியன் அவனைத் தேடிக் கண்டுபிடித்து மீண்டும் மனிதனாக்குகிறான். பின் பழிவாங்கல். க்ரோனு அதே ஆற்றங்கரையில் நின்று லெய்யின் ஈட்டியை ஏற்க வேண்டும். நடுவே ஒரு கல்லை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறான். ஈட்டி கல்லையும் துளைத்து அவனையும் துளைக்கிறது. அவளை மட்டும் க்விடியன் கொல்லவில்லை. ஆந்தையாக்கிவிடுகிறான். இனி அவள் பகலில் முகம் காட்ட முடியாது. மற்றப் பறவைகள் எல்லாம் அவளுக்குப் பகை. ஆந்தைக்கு இன்றும் ப்ளொடைவெத் என்றே பெயர் என்று கதை முடிகிறது. பூமுகம் என்பது பொருள். ஆந்தையின் வட்ட முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் மாற்றம் எவ்வளவு நுட்பமானது என்று தெரியும்.

இந்தக் கிளையின் தொடக்கத்தில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. தன் தம்பி ஒரு பெண்ணைக் கெடுப்பதற்கு வழி செய்வதற்காக க்விடியன் ஒரு போரையே மூட்டுகிறான். அதற்குத் தண்டனையாக மாத் இருவரையும் மூன்று ஆண்டுகள் மான், பன்றி, ஓநாய் என்று விலங்குகளாக்கி அலைய விடுகிறான். மூன்றாண்டு முடிந்ததும் மன்னித்துப் பழையபடி மனிதராக்குகிறான். விலங்காக வாழ்வது எப்படி என்று தெரிந்தவன்தான் பின்னால் அவளைப் பறவையாக்குகிறான். அவன் தண்டனைக்கு முடிவு இருந்தது. அவள் தண்டனைக்கு இல்லை. அவளை உண்டாக்கியவனும் தீர்ப்புச் சொன்னவனும் ஒருவனே. உனக்கு இவனைக் கட்ட விருப்பமா என்று அவளிடம் யாரும் கேட்டதாகக் கதையில் ஒரு வரியும் இல்லை. பின்வந்த எழுத்தாளர்களைத் தூங்கவிடாமல் செய்தது இந்த இடமே என்று நினைக்கிறேன்.

3. இவாஞ்சலின் வால்டன்

அமெரிக்கரான இவாஞ்சலின் வால்டன் (1907–1996) நான்காவது கிளையை முழு நாவலாக எழுதி 1936இல் வெளியிட்டார். 'கன்னியும் பன்றியும்' என்று பொருள்படும் விநோதமான தலைப்பு. யாரும் கவனிக்கவில்லை. டோல்கினின் வெற்றிக்குப் பிறகு அமெரிக்காவில் மிகுபுனைவுக்குச் சந்தை உருவானபோது, பாலன்டைன் நிறுவனம் 1970இல் அதை 'தி ஐலண்ட் ஒஃப் தி மைட்டி' என்ற பெயரில் மறுபதிப்பிட்டது. 34 ஆண்டுகள் கழித்து வாசகர்கள் வந்தார்கள். தொடர்ந்து மற்ற மூன்று கிளைகளும் 1971, 1972, 1974 ஆகிய ஆண்டுகளில் நாவல்களாக வந்தன.

வால்டன் மூலக்கதையை மாற்றுவதில்லை. நிகழ்ச்சிகளின் வரிசையைக்கூடக் காப்பாற்றுகிறார். அவர் தேடுவது காரணத்தை. தாய்வழிச் சமூகம் ஒன்று தந்தைவழிச் சமூகமாக மாறும் காலத்தில் இக்கதையை நிறுத்துகிறார். பிள்ளை யாருடையது, கன்னிமை என்றால் என்ன, மனைவி யாருக்குச் சொந்தம் என்பவை அந்த மக்களுக்குப் புதிய கேள்விகள். அரியன்ரோட்டின் கோபத்துக்கு அங்கே ஒரு நியாயம் கிடைக்கிறது. நடை சற்றுப் பழையது, சில இடங்களில் விளக்கம் மிகுதி. ஆனாலும் மூலத்தை அப்படியே பின்பற்றிக்கொண்டு அதை நாவலாக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

4. லோயிட் அலெக்சாண்டர்

பிலடெல்பியாவைச் சேர்ந்த லோயிட் அலெக்சாண்டர் (1924–2007) இரண்டாம் உலகப்போரில் படைவீரராகச் சிறிது காலம் வேல்ஸில் பயிற்சி பெற்றவர். அந்நிலம் அவரை விடவில்லை. 1964 முதல் 1968 வரை ஆண்டுக்கொன்றாகப் 'பிரிடைன்' வரிசையில் ஐந்து சிறுவர் நாவல்கள் எழுதினார். இரண்டாவதான 'தி பிளாக் கோல்ட்ரன்' நியூபெரி கௌரவம் பெற்றது. ஐந்தாவதான 'தி ஹை கிங்' 1969இல் நியூபெரிப் பதக்கத்தையே பெற்றது. டிஸ்னி நிறுவனம் 1985இல் எடுத்த கார்ட்டூன் படத்தைப் பார்த்துவிட்டு இந்நாவல்களை எடைபோட வேண்டாம்.

அலெக்சாண்டர் வால்டனுக்கு நேர் எதிர். பெயர்களை எடுத்துக்கொண்டு கதையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றுகிறார். அவருடைய க்விடியன் மாசற்ற வீரன். மூலத்தில் கண்ணியமான அரசனாக வரும் அராவ்ன் இங்கே கொடிய மரண தேவன். தன் அராவ்ன் மூலத்தைவிடப் பொல்லாதவன் என்று ஆசிரியர் குறிப்பில் அவரே சொல்லிவிடுகிறார். அப்படியானால் பெயர்களை மட்டும் கடன் வாங்கியவர்கள் என்று முதலில் சொன்னேனே, அந்தக் கூட்டத்தில் இவரையும் சேர்க்கலாமா?

சேர்க்க முடியாது. இரண்டாவது கிளையில் ஒரு கொப்பரை வருகிறது. போரில் இறந்தவர்களை அதில் போட்டால் மறுநாள் எழுந்து போரிடுவார்கள், பேச்சு மட்டும் வராது. கலகக்காரனான எவ்னிசியன், தான் மூட்டிய அழிவைக் கண்டு மனம் வெதும்பி, பிணம்போல் நடித்து அந்தக் கொப்பரைக்குள் விழுகிறான். உடம்பை முறுக்கி நீட்டி அதை உடைக்கிறான், அவன் நெஞ்சும் வெடிக்கிறது. அலெக்சாண்டரின் இரண்டாவது நாவல் முழுவதும் இந்த ஒரு காட்சியை நோக்கியே நகர்கிறது. கொப்பரையை அழிக்க ஒருவன் உயிரோடு உள்ளே இறங்க வேண்டும். இறங்குபவன் எல்லோராலும் வெறுக்கப்பட்ட, செருக்குப் பிடித்த எல்லிடிர். கெட்டவன் செய்த நல்ல காரியத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கும் நாவல் இது.

நான்காவதான 'டாரன் வாண்டரர்' எனக்கு இவ்வரிசையில் மிகவும் பிடித்தது. பன்றி மேய்க்கும் உதவியாளனான டாரன் தன் பெற்றோர் யார் என்று தேடிப் புறப்படுகிறான். இரும்படிக்கவும் துணி நெய்யவும் மண்பாண்டம் வனையவும் கற்கிறான். ஆசைப்பட்ட குயவுத் தொழிலில் தனக்கு உண்மையான கைத்திறன் இல்லை என்று அறிகிறான். ஒரு கதாநாயகன் தன் குலத்தைக் கண்டுபிடிக்காமலேயே திரும்பிவரும் சிறுவர் நாவல்கள் அதிகமில்லை. ராஜகுமாரன் என்று கடைசியில் வெளிப்படும் கர்ணன் வகைக் கதைகளில் ஊறிய நமக்கு இது புதிய காற்று.

5. அலன் கார்னர்

இக்கட்டுரை உண்மையில் இவருக்காகத்தான். 1934இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் பிறந்த கார்னர், தன் ஊரான ஒல்டர்லி எட்ஜின் ஐதீகங்களை வைத்து 1960இல் முதல் நாவலை எழுதினார். 1967இல் வந்த 'தி அவுல் சர்விஸ்' அவருக்குக் கார்னகி பதக்கத்தையும் கார்டியன் பரிசையும் சேர்த்துப் பெற்றுத் தந்தது. 'சர்விஸ்' என்றால் இங்கே சேவை அல்ல. விருந்து மேசைக்கான பீங்கான் தட்டுகளின் தொகுதி. அவருடைய மாமியார் வீட்டில் கிடைத்த பழைய தட்டுகளில் பூக்கோலம் ஒன்றிருந்தது. உற்றுப் பார்த்தால் அது ஆந்தையாகத் தெரிந்தது. நான்காவது கிளையை அறிந்திருந்த கார்னருக்கு நாவல் அங்கே தொடங்கிவிட்டது.

கதை நிகழ்வது 1960களில், வேல்ஸ் பள்ளத்தாக்கு ஒன்றில். விடுமுறைக்கு வந்த ஆங்கிலேயக் குடும்பம். அலிசனும் ரோஜரும் பெற்றோரின் மறுமணத்தால் சகோதரர் ஆனவர்கள். வீட்டு வேலைக்காரி நான்சியின் மகன் க்வின், வேல்ஸ் பையன். பரணில் தட்டுகள் கிடைக்கின்றன. அலிசன் கோலத்தைப் படியெடுத்துக் காகித ஆந்தைகள் செய்கிறாள். ஆந்தைகள் காணாமற்போகின்றன. தட்டுகளிலிருந்த கோலமும் மறைகிறது. ஆற்றங்கரையில் துளையுள்ள கல் ஒன்று நிற்கிறது. ஒரு பெண், இரண்டு ஆண்கள். பழைய கதை மூன்று இளம்பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு தன்னை மறுபடி நிகழ்த்திக்கொள்ளப் பார்க்கிறது. முந்தைய தலைமுறையிலும் அது நிகழ்ந்திருக்கிறது. அப்போதும் ஒருவர் இறந்திருக்கிறார்.

இதில் மந்திரவாதி இல்லை, வாள் இல்லை. பெரும்பகுதி வெறும் உரையாடல். வர்ணனை மிகக் குறைவு. யார் பேசுகிறார்கள் என்றுகூடச் சில இடங்களில் நாமே கண்டுகொள்ள வேண்டும். ஆனால் மாயம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், மனிதர்கள் ஒருவரையொருவர் காயப்படுத்தும் சின்னச் சின்னச் சொற்களிலிருந்து வருகிறது. க்வின் கெட்டிக்காரன். ஆங்கில உச்சரிப்பைத் திருத்திக்கொள்ள ரகசியமாக இசைத்தட்டுகள் வாங்கி வைத்திருக்கிறான். அந்த ரகசியம் ரோஜரின் காதுக்குப் போய், அவன் அதைக் கேலி செய்யும் இடம் எந்தப் பேய்க்காட்சியையும்விடக் கொடுமையானது.

புலம்பெயர்ந்த வாசகர்கள் நின்று வாசிக்க வேண்டிய இடம் இன்னொன்று உண்டு. க்வின் அந்தப் பள்ளத்தாக்குக்கு இதற்கு முன் வந்ததே இல்லை. வளர்ந்தது அபெரிஸ்ட்வித்தில். ஆனால் ஒவ்வொரு பாதையும் வீடும் அவனுக்குத் தெரியும். ஊரை வெறுத்து வெளியேறிய அவன் தாய், ஊரைப் பற்றிப் பேசாமல் இருந்ததே இல்லை. பார்க்காத ஊரின் வரைபடத்தைத் தாயின் வாயிலிருந்து பெற்ற பிள்ளை! நம் வீடுகளில் எத்தனை பேர் இப்படி. ஒழுங்கையும் கோயிலடியும் வேலிச்சண்டையும் தெரிந்த, அங்கே காலடி வைக்காத பிள்ளைகள். கார்னர் காட்டுவது, அந்த வரைபடத்தோடு கோபமும் சேர்ந்தே கைமாறுகிறது என்பதை. தாய் சொன்ன கதையில் அவள் சொல்லாமல் விட்ட பகுதிதான் மகனைப் பிடித்துக்கொள்கிறது.

முடிவைச் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அந்தப் பெண்ணுக்குள் திரண்டிருப்பது பூவாக மலர்வதா, ஆந்தையாக வேட்டையாடுவதா என்பது எதிரில் நிற்பவர் அவளிடம் எதைக் காண்கிறார் என்பதைப் பொறுத்தது. அதைச் சரியாகக் காண்பவர், நாவல் முழுவதும் நாம் நம்பியிருந்த ஆள் அல்ல.

இந்நாவல் கிரனடா தொலைக்காட்சியில் 1969–70இல் தொடராக வந்தது. கார்னர் அரிதாகவே எழுதினார். 'ட்ரீக்கிள் வோக்கர்' என்ற அவருடைய 2021ஆம் ஆண்டுக் குறுநாவல், 2022இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

6. வேல்ஸ்காரர்கள் என்ன செய்தார்கள்?

மேற்சொன்ன மூவரும் வேல்ஸ் மொழி எழுத்தாளர்கள் அல்லர். இருவர் அமெரிக்கர், ஒருவர் ஆங்கிலேயர். தம் கதையை வேல்ஸ்காரர்கள் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடவில்லை. வேல்ஸ் மொழியின் முக்கிய நாடகாசிரியரான சாண்டர்ஸ் லூயிஸ் 'ப்ளொடைவெத்' என்ற பெயரிலேயே ஒரு கவிதை நாடகத்தை 1948இல் எழுதி முடித்தார். அவருடைய நாயகிக்குத் தாய் இல்லை, உறவு இல்லை, பால்யம் இல்லை. வேர் இல்லாதவளிடம் விசுவாசத்தை எப்படி எதிர்பார்ப்பது என்பது அந்நாடகத்தின் கேள்வி. செரன் என்ற வேல்ஸ் பதிப்பகம் 2009 முதல் மாபினோகியன் கதைகளை இன்றைய எழுத்தாளர்களைக் கொண்டு புதிதாக எழுதச் செய்தது. அவ்வரிசையில் கவிஞர் க்வினெத் லூயிஸ் 2010இல் எழுதிய 'தி மீட் ட்ரீ', பூப்பெண்ணின் கதையை விண்கலம் ஒன்றுக்குள் கொண்டுபோகிறது.

7. நம் பக்கம்

தமிழில் இதிகாச மறுபுனைவுகளுக்குக் குறைவில்லை. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' 1943இலேயே அகலிகையிடம் யாரும் கேட்காததைக் கேட்டுவிட்டது. எம்.வி. வெங்கட்ராமின் 'நித்யகன்னி', குதிரைகளுக்காக அரசர் கை மாறிய மாதவியைப் பேசியது. எஸ். ராமகிருஷ்ணனின் 'உபபாண்டவம்', ஜெயமோகனின் 26 நாவல்கள் கொண்ட 'வெண்முரசு' என்று பட்டியல் நீளும். நாட்டார் கதைகளுக்கு இந்த அளவு கவனம் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கார்னரை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பழையனூர் நீலி நினைவுக்கு வருகிறாள். முற்பிறப்பில் கணவனால் கொல்லப்பட்டவள். மறுபிறப்பில் அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன் என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். எழுபது வேளாளர் அவன் உயிருக்குத் தம் உயிரைப் பிணை வைத்து அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். வாக்குத் தவறாத எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். ஊர் அவர்களைக் கொண்டாடுகிறது. வேல்ஸில் இரண்டு ஆண்கள் பூவிலிருந்து மனைவியைச் செய்தார்கள். இங்கே ஒரு பெண் முள்ளிலிருந்து பிள்ளையைச் செய்கிறாள். அங்கே மொழி அவள் தண்டனையை ஆந்தையின் பெயராக வைத்துக்கொண்டது. இங்கே மொழி 'நீலிக்கண்ணீர்' என்ற சொல்லாக வைத்துக்கொண்டது. பொய் அழுகை என்ற பொருளில் நாம் தினமும் அதைச் சொல்கிறோம். அவள் கொலையுண்டவள் என்பதை அந்தச் சொல் மறந்துவிட்டது. சபையில் அவள் சொன்னதில் எவ்வளவு பொய்? எழுபது பேரில் ஒருவராவது அவள் முன்கதையைக் கேட்டிருந்தால்? இந்தக் கேள்வியோடு ஒரு தமிழ் மிகுபுனைவு நாவல் வந்தால் முதல் பிரதியை வாங்க நான் வரிசையில் நிற்பேன்.

8. எங்கிருந்து தொடங்கலாம்

மூலத்துக்கு ஷோனெட் டேவிஸின் மொழிபெயர்ப்பு (ஒக்ஸ்போர்ட், 2007) தெளிவானது, வாய்விட்டு வாசிக்க ஏற்றது. முதலில் நான்காவது கிளையை மட்டும் வாசியுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டிலிருந்தால் அலெக்சாண்டரின் 'தி புக் ஒஃப் த்ரீ'யில் தொடங்குங்கள். பதினான்கு வயதுக்கு மேல் கார்னர். வால்டனைப் பெரியவர்கள் நிதானமாக வாசிக்கலாம். ரொறன்ரோ வாசகர்களுக்கு ஒரு தகவல்: கொலிஜ் வீதியிலுள்ள லிலியன் எச். ஸ்மித் நூலகக் கிளையில் மிகுபுனைவுக்கும் அறிவியல் புனைவுக்குமான மெரில் சேகரிப்பும், பழைய சிறுவர் நூல்களுக்கான ஒஸ்போர்ன் சேகரிப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வாசலில் சிறகு முளைத்த சிங்கமும் கிரிஃபினும் காவல் நிற்கும்.

பிள்ளைகளோடு சேர்ந்து வாசிப்பவர்கள், கார்னரை முடித்த கையோடு நீலியின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். எழுபது பேரின் வாக்குத் தவறாமையோடு நிறுத்திவிடாமல், கள்ளிக்கொம்புப் பிள்ளையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.